சும்மா கிடக்கும் ஒன்பது பங்கு

மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு தேடிப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். எங்கள் பார்சல் கிடங்கில் அதைச் சொன்னவரை மட்டும் தெரியும். தலைமை அலுவலகம் அனுப்பிய பயிற்சியாளர். காதில் மாட்டிய மைக், கசங்காத சட்டை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. ஒன்றரை மணி நேரம் பேசினார். என் தம்பியைக் கெடுத்துவிட்டுப் போனார்.

நானும் தம்பியும் ஒரே மேசையில் பார்சல் பிரிப்பவர்கள். எங்களுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு கம்பிக் கூண்டுகள், ஒரு கூண்டுக்கு ஒரு வண்டி. முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கூண்டு என்று தெரிய வேண்டும். சில நீளத் தெருக்கள் பாதியில் பிரியும். அறுபதாம் எண் வீடு வரை ஒரு வண்டி, அதற்கு மேல் வேறு வண்டி. பதினாறு வருடமாக இந்த வேலையில் தம்பியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிடங்கில் அவன் பெயரே மேப்புதான். சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் அவனுக்கு வேறு பெயர் இருப்பதே சிலருக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை, பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அக்கா, இதுல வீட்டு நம்பர் போட்டிருக்கா?"

கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். மூளையில் ரத்தக்கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால், ஒரு பட்டாணி அளவுக்கு இருந்தது. பேச்சு போகவில்லை, கைகால் போகவில்லை, எழுத்துகூடப் போகவில்லை. எழுதியிருக்கும் எண்கள் மட்டும் போய்விட்டன, வாயால் சொன்னால் புரியும். ஏழு என்ற எண்ணைக் காட்டினால் கோடு தெரிகிறது என்பான், அது ஏழு என்று அவனுக்குத் தோன்றாது.

மூன்று மாதம் பார்க்கலாம் என்று மறுபடியும் மேசையில் சேர்த்தார்கள். தெருவின் பெயரைப் படித்து, கூண்டு நிற்கும் இடத்தை வைத்து வீசிவிடுவான். பாதியில் பிரியும் தெரு வந்தால் மட்டும் பெட்டியை என் பக்கம் திருப்புவான். "முன்பாதி", "பின்பாதி" என்று நான் சொல்வேன். வேகம் குறைந்ததே தவிர, ஒரு பெட்டியும் தவறிப் போகவில்லை.

இந்த நேரத்தில்தான் பயிற்சியாளர் வந்தார். கேன்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டு அறுபது பேரையும் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் மேற்பார்வையாளர், மடியில் குறிப்பேடு.

"இருபது பொருள் பேரு சொல்லுவேன். ஒரே ஒரு தடவைதான். ஏழெட்டுக்கு மேல யாருக்கும் வராது, பாருங்க" என்றார் பயிற்சியாளர். குடை, சீப்பு, பூட்டு என்று அடுக்கினார்.

ஆளைத் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டார். குடை முதல் கூண்டில், சீப்பு அடுத்த கூண்டில் என்று நாங்கள் மனதுக்குள் வீசிக்கொண்டே போனோம். அவர் கேட்டதும் வரிசையாக எடுத்துக் கொடுத்தோம். தம்பி இருபதையும் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து முன்னாலும் சொன்னான். பயிற்சியாளரின் சிரிப்பு ஒரு நொடி சுருங்கியது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! இது வெறும் பத்து பர்சன்ட்டு. மிச்சம் தொண்ணூறு சும்மா கிடக்கு. அதையும் தட்டி எழுப்பினா எங்கேயோ போயிடுவீங்க!"

ஏழு வந்தாலும் அதே பேச்சு, இருபது வந்தாலும் அதே பேச்சு. வெட்கமே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி எழுந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நோய் வந்த பிறகு நான் பார்க்கவில்லை.

"சார், எனக்கு மூளையில அடைப்பு வந்து நம்பர் போயிடுச்சு. அந்தத் தொண்ணூறுல இருந்து திரும்ப எடுக்க முடியுமா?"

"ஏன் முடியாது? டாக்டருங்க முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குள்ள எல்லாம் இருக்கு பிரதர். நீங்க இன்னும் முழு மனசு வைக்கல, அவ்வளவுதான்."

மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

அன்றிலிருந்து தம்பிக்கு ஓய்வு கிடையாது. தூக்கத்தைக் குறைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவன் விடியுமுன் எழுந்து, மகளின் ஒன்றாம் வகுப்பு நோட்டில் எண்களைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தான். மூன்று நோட்டு தீர்ந்தது. தம்பி மனைவி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணி, சோம்பேறி, சோம்பேறின்னு சொல்லிக்கிட்டு அவர் தலையில அவரே குத்திக்கிறாரு. கையைப் பிடிச்சா உதறுறாரு. எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தவனைத் தன்னோடேயே மல்லுக்கட்ட வைத்துவிட்டுப் போய்விட்டானே அந்தப் பயிற்சிக்காரப் பாவி! கால் போனவனிடம், முயற்சி செய்தால் புதுக்கால் முளைக்கும் என்று யாராவது சொல்வார்களா? மூளை என்றால் மட்டும் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை அளக்கலாம்.

மூன்று மாதம் முடிந்த அன்று மேற்பார்வையாளர் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். 'போதிய முயற்சி எடுக்காததால் பிரிப்பு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தது.

"இவன் முயற்சி எடுக்கலையா? நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"இங்க பாருங்கம்மா, உடம்பு சரியில்லன்னு எழுதினா ஃபைல் மேல போயிடும். ஆளே வேணாம்னு சொல்லிடுவாங்க. இப்படி எழுதினா இங்கேயே கூண்டு கழுவுற வேலைல வெச்சுக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பயிற்சிக்கு வந்தவரும் மனசு வைக்கலன்னுதானே சொன்னாரு?"

"சார், உங்களுக்கும் தொண்ணூறு பங்கு சும்மாதானே கிடக்கு? அதுல ஒரு பட்டாணி அளவு கிள்ளிக் குடுங்க, இவனுக்கு வெச்சுக்கிறோம். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

கத்திவிட்டேன். வெளியே பெட்டி வீசும் சத்தம் நின்றது. தம்பி என் கையைத் தொட்டு உட்கார வைத்தான். அவன் பேனாவை எடுத்ததும் என் உயிரே போய்விட்டது. கையெழுத்துப் போடத்தான் போகிறான், அந்தப் பாவியின் பேச்சை அவ்வளவு நம்பியிருந்தான்.

ஆனால் எழுதாமல், அச்சடித்த வரியை இன்னொரு முறை படித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"சார், பத்துல ஒன்பது பங்கு சும்மா கிடக்கிற இடம்னா, அந்தக் கட்டி ஏன் சார் அங்க போய் விழல?"

மேற்பார்வையாளர் தாளைத் தம்பி பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"மூணு நோட்டு எழுதினேன் சார். அங்க எதுவும் தூங்கல. இருந்த இடம் எல்லாமே வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதனாலதான் கொஞ்சம் போனதுக்கே இவ்வளவு போயிடுச்சு."

"கையெழுத்துப் போடலைன்னா வேலையே போயிடலாம்ப்பா. யோசிச்சுக்கோ."

"போனா போகட்டும் சார். சோம்பேறின்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன்."

அச்சடித்த வரியை ஒரே கோட்டில் அடித்தான். அதற்குக் கீழே அவனுடைய அழகான கையெழுத்தில் எழுதினான்: 'முயன்றேன். அந்த இடம் என்னிடம் இல்லை.' கையெழுத்தும் போட்டான். பேனாவை மூடப் போனவன், தாளின் மேல் மூலையில் இருந்த காலிக் கட்டத்தைப் பார்த்து நிறுத்தினான். தாளை என் பக்கம் திருப்பினான்.

"தேதி மட்டும் நீ போட்டுடுக்கா."