இடது கண் சற்றுச் சிறியது

ஸ்டூலின் மேல் ஏறி நின்று இசைவாணி பேனரின் கம்பிக்கட்டை முறுக்கினாள். விரல் கீறியதுதான் மிச்சம். கட்டு அவிழவில்லை.

மண்ணூர் தெருமுனையில், விளக்குக் கம்பத்தோடு இழுத்துக் கட்டிய எட்டடி பேனர். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே அவள் அண்ணன் ஹேமந்தின் பெயர், வயது இருபத்தேழு. நடுவில் ராணுவ உடையில், கண்களை மூடி, மண்ணில் விழுந்து கிடக்கிறான் ஹேமந்த். வாயோரம் ரத்தம் வழிகிறது. அது போட்டோ இல்லை. வாணி வரைந்த ஓவியம்.

"இத யாருண்ணா குடுத்தது?"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த இசக்கிதுரை தலையைத் தூக்கவில்லை. ஒரகடம் கம்பெனியில் ஹேமந்தோடு ஒரே அசெம்ப்ளி லைனில் நிற்பவன். ஷிப்ட் முடிந்தால் இருவரும் ஒரே அணியாகப் போனில் சுட்டு விளையாடுவார்கள்.

"ஐடி கார்டு போட்டோல ஆளே தெரியலம்மா. அவன் ஸ்டேட்டஸ்ல இதத்தான் வச்சிருந்தான். நல்லாருக்கேன்னு பேனர் கடைக்கு அனுப்பிட்டேன். போன்ல சின்னதா இருந்துச்சு, ரத்தம் தெரியல. தூங்குதான்னு நெனச்சிட்டேன்."

நேற்றுக் காலை நைட் ஷிப்ட் முடித்து வரும்போது ஹேமந்தின் பைக் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போய்ச் செருகியது. உடலை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டதாக இப்போதுதான் அப்பா தாவீது போன் செய்தார். இருபது நிமிடம் இருந்தால் அதிகம்.

"கழட்டிரவா?" என்றான் இசக்கிதுரை.

அவளும் அதற்குத்தான் ஏறினாள். ஆனால் பேனரில் அவன் பெயர் இருந்தது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை.

"வேணா. என் பெயிண்ட் பைய எடுத்துனு வாண்ணா. அம்மா கண்ணுல பட்றாத."

வாணி கவின்கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம். அண்ணன் ஆடும் அந்தப் போன் விளையாட்டில் செத்தவன் ஒரு பெட்டியாகி விடுவான், மற்றவர்கள் வந்து அவன் பொருளை அள்ளிப்போவார்கள், அடுத்த ஆட்டத்தில் அவனே முழுசாக எழுந்து வருவான். இதை வைத்து ஆறு ஓவியம் போட்டாள். 'சாவு என்பது ஒரு காத்திருப்பு' என்று விளக்கம் வேறு எழுதினாள். வகுப்பே கைதட்டியது.

மாடல் அண்ணன்தான். ஷிப்ட் முடிந்து வந்து, "எப்டி சாவணும் சொல்லு," என்று சிரித்துக்கொண்டே ஹாலில் படுப்பான். ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே தூங்கிவிடுவான். அசையாமல் கிடக்கிறானே என்று அவளுக்கு அது வசதியாக இருந்தது.

பை வந்தது. கறுப்பைத் தொட்டு இமையருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

திறந்த கண் எப்படி இருக்கும்?

போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். இருநூறு படம், எல்லாம் மூடிய கண். ஒரே ஒரு செல்பி. அதிலும் அவன் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். மூன்று வருடமாக அவன் முகத்தை அளந்தவள் அவனை ஒரு தடவை கூட நேராகப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

"இன்னாடி பண்றே?"

அம்மா ராஜம்மா. பின்னால் யாரும் வரவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். இசக்கிதுரை ஸ்டூலை விட்டுவிட்டு ஒதுங்கினான்.

ராஜம்மா பேனரைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று வாணி காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அம்மா கிட்டே வந்து, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, மகனின் வாயோர ரத்தத்தைத் துடைத்தாள்.

"பிரிண்ட்டுமா. போவாது."

ராஜம்மா இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

"நான்தாம்மா அப்டி வரைஞ்சேன்."

"தெரியும்."

வாணி பிரஷ்ஷைத் தாழ்த்தினாள். "கண்ண தொறக்கலாம்னு பாத்தேம்மா. எப்டி இருக்கும்னு வரல."

ராஜம்மா மூடிய இமைகளைப் பார்த்தாள்.

"எடது கண்ணு கொஞ்சம் சின்னது. பொறந்தப்பவே அப்டித்தான். வலதுலதான் மொதல்ல சிரிப்பான்."

வாணி வலது கண்ணில் தொடங்கினாள். முழிக்குப் பழுப்பு. இமைக்கு மேலே ஒரு மடிப்பு.

"இன்னும் கொஞ்சம் கீய எறக்கு," என்றாள் அம்மா.

சாலைத் திருப்பத்தில் ஆம்புலன்ஸ் தெரிந்தது. முன் சீட்டில் அப்பா. வாணி வரைவதை நிறுத்தினாள்.

"நீ போடு," என்றாள் ராஜம்மா.

அவள் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்து மகனின் முகத்தை மறைத்துப் பிடித்தாள். முந்தானைக்குப் பின்னால் இடது கண் பாக்கியிருந்தது.