இரவல் தூக்கம்

நாகலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. அதுவும் யாரைப் பார்த்து? விசா இடம் கொடுக்காததால் வேலைக்குப் போக முடியாமல், சின்னக் குழந்தையோடு பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் ஒரு அபார்ட்மெண்டில் அடைந்து கிடக்கும் ஷ்யாமளாவைப் பார்த்து.

இருவரும் டெல்லியில் ஒன்றாகச் சீன மொழி படித்தவர்கள். அங்கே முதல் மார்க் எப்போதும் நாகலக்ஷ்மிக்குத்தான். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகும் அதிர்ஷ்டம் அவள் பக்கமே நின்றது. கிரீன் கார்டு வந்தது, யுனிவர்சிட்டி வேலை வந்தது, சீன எழுத்து அடிக்கிற கம்ப்யூட்டர் வந்தது. பழைய சீனக் கவிதைகளை இங்கிலீஷில் புத்தகமாக்க ஒரு பதிப்பகமும் வந்தது. காலேஜ் பிள்ளைகள் வாங்க வேண்டிய புத்தகமாம். அதனால் நிலவும் மதுவும் தாராளமாக இருக்கட்டும், பஞ்சமும் வரிவசூலும் வேண்டாம், நீளப் பாட்டென்றால் குறைத்துவிடுங்கள் என்றார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் வெட்டிக் கொடுத்தாள்.

ஷ்யாமளாவை யாரும் கேட்கவில்லை. மகள் தீக்ஷா மத்தியானம் தூங்கும்போது, மளிகைக் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அவள் பாட்டுக்கு மொழிபெயர்த்தாள். எல்லாம் நாலு வரிக் கவிதைகள்.

"அதுக்கு மேல எடுத்தா பாதியில முழிச்சுண்டுடறாடி" என்பாள்.

பெரிய மனசுக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில் நாகலக்ஷ்மி அவற்றில் சிலவற்றை எடிட்டருக்கு அனுப்பிவைத்தாள். வினையை விலைக்கு வாங்கிய கதைதான். புத்தகம் இவற்றோடுதான் தொடங்க வேண்டும், அட்டையில் அந்தப் பெண்ணின் பெயரும் வேண்டும் என்று எடிட்டர் ஒரே பிடியாக நின்றார். இதே மாதிரி நானே செய்து தருகிறேன் என்று நாகலக்ஷ்மி மன்றாடி மாதக் கடைசிவரை அவகாசம் வாங்கினாள். அட்டையில் தன் பெயர் தனியாக நிற்பதை மனசுக்குள் அவள் ஆயிரம் தரம் பார்த்து வைத்திருந்தாள்.

ஆபீஸ் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வரிக்கு உயிர் வரவில்லை. அப்போதுதான் அந்த மகா யோசனை தோன்றியது. சாமர்த்தியம் ஷ்யாமளாவிடம் இல்லை, குழந்தையின் தூக்கத்தில் இருக்கிறது. நேரம் நெருக்கினால்தான் வரி பிறக்கும்.

"ஷ்யாமா, சனிக்கிழமை தீக்ஷாவ எங்கிட்ட விட்டுடு. நீ லைப்ரரிக்குப் போய் ரிலாக்ஸ் பண்ணிட்டு வா."

ஷ்யாமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்ன மாதிரி யாருடி செய்வா?"

சனிக்கிழமை தீக்ஷா சாப்பிட்டாள், தூங்கினாள். நாகலக்ஷ்மி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். மளிகைக் கடை விளம்பரத் தாளைக்கூட மறக்கவில்லை. ஆற்றங்கரையில் புருஷனை வழியனுப்புகிறவளின் நாலு வரி. எழுதினாள், அடித்தாள், குழந்தை எழுந்துவிடுவாளோ என்று பதறிப் பதறி எட்டிப் பார்த்தாள். அவளோ அன்றைக்கென்று அசையவே இல்லை. வெயில் சாய்ந்தபோது தாளில் ஆறு மட்டும் இருந்தது. புருஷனும் வரவில்லை, பெண்டாட்டியும் வரவில்லை. கடைசியில் தீக்ஷா எழுந்து, "I want Amma" என்று அழுதாள்.

கதவைத் திறந்ததும் ஷ்யாமளா காகிதக் கட்டை நீட்டினாள். முகம் பூரித்திருந்தது.

"சண்டைக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்துண்டிருப்பாளே, அந்த நீளப் பாட்டு. நீகூட கட் பண்ணித்தான போட்ட? முழுசா பண்ணிட்டேன்டி. லைப்ரரியில உக்காந்தவ எழுந்துக்கவே இல்ல. இந்த ஊருக்கு வந்து இன்னிக்குதான் எனக்கு டைம் கிடைச்சுது."

நாகலக்ஷ்மி நின்றபடியே படித்தாள். பதிப்பகத்துக்காக அவள் வெட்டியெறிந்த பஞ்சமும் வரிவசூலும் அதில் இருந்தன. அவை இருந்ததால்தான் அந்தப் பெண் ஏன் அப்படிக் காத்திருந்தாள் என்பதே புரிந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள்தான் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. முதல் பெயர் யாருடையது என்பதுதான் இனிமேல் பயம்.

"அடுத்த சனிக்கிழமையும் இவள விடட்டுமா?" என்று ஷ்யாமளா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாகலக்ஷ்மிக்கு ஒரு வேலையும் இல்லை.

"அன்னிக்கு நான் ரொம்ப பிஸிடி" என்றாள்.