பெனிர் என்றால் வா

பல் மருத்துவ நாற்காலிகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் நிறுவனம் அது. பொதிகட்டும் பிரிவில் இருந்தவளுக்கு உடும்பு என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். ஒரு திருகாணி குறைந்தால்கூடக் கிடங்கையே தலைகீழாக்கித் தேடிவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவாள்.

நிறுவனத்துக்கு ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். ஸ்பானிஷ் வகுப்பு நடத்தி வைக்கும் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றம் என்றார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியவளுக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றதுமே பாதி வலி போயிற்று. பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கண நூல் வாங்கி, பேருந்தில் நின்றபடியே படித்தாள்.

வகுப்பெடுத்தவர் பயிற்சி அதிகாரி. ஒருநாள் 'பெனிர்' என்ற வினையைப் பலகையில் எழுதினார். வா என்று பொருள். எதிர்காலத்தில் 'பெனிரே, பெனிராஸ், பெனிரா' என்று, நான், நீ, அவர் என ஆளுக்கு ஒன்றாக, ஆறு வடிவங்களையும் எழுதி முடித்தார்.

"சார், அது பெந்த்ரே இல்லையா? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"வினைச்சொல்லோட வாலை ஒட்டினா எதிர்காலம். அவ்வளவுதான் விதி. குழப்பாதீங்க."

"எல்லா வினைக்கும் அப்படி வராதாமே சார்."

"வகுப்பு முடியட்டும், பார்க்கலாம்." வகுப்பு முடிந்ததும் அவர் கைப்பையோடு கிளம்பிவிட்டார்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. ஆறு வடிவம், ஆறு மதிப்பெண். அவள் யோசிக்கவே இல்லை. பெந்த்ரே, பெந்த்ராஸ், பெந்த்ரா, பெந்த்ரெமோஸ், பெந்த்ரெய்ஸ், பெந்த்ரான் என்று தெளிவாக எழுதினாள். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஆறின் மேலும் சிவப்புக் கோடு. மொத்தம் முப்பத்தாறு.

அவளுக்குக் காது மடல் சுட்டது. விடைத்தாளையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குள் போனாள்.

"சார், நாம 'வா'ங்கறதுக்கு 'வாவேன்'னா சொல்றோம்? வருவேன்னுதானே சொல்றோம்! அவங்க வாய்ல மட்டும் விதி மாறாம வரணுமா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் கண் கொஞ்சம் அதிக நேரமே நின்றது. பிறகு மூடினார். "மத்த எட்டுப் பேரும் நான் சொன்னபடிதான் எழுதியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? சரி, நாலு கருணை மதிப்பெண் போடறேன். நாற்பது ஆயிடும். போய் உட்காருங்க."

"கருணை எதுக்கு சார்? நான் என்ன பிச்சையா கேட்டேன்? சரியா எழுதினதுக்கு ஆறு கொடுங்க."

"அப்படின்னா மத்தவங்க எட்டுப் பேருக்கும் ஆறு குறைக்கணும். சம்மதமா?"

அவள் விடைத்தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, கிடங்கு வாசலில் நின்று ரசீது போடும் அக்கா, நாற்பத்து மூன்று எடுத்திருந்தாள். ஆறு போனால் முப்பத்தேழு. விஷயம் அதற்குள் எப்படியோ அக்காவின் காதுக்கு எட்டிவிட்டது. சாப்பாட்டு அறையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். "உனக்கு நல்லது நடக்கணும்னா அடுத்தவ தலைல கல்லைப் போடணுமா? எனக்குந்தான் கால் வலிக்குது."

அன்று வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தும் அவள் அசையவில்லை. "வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாமே, நாலும் மார்க்குதானே" என்றான் கணவன். அவள் பார்த்த பார்வையில் எழுந்து போய் அவனே அடுப்பை அணைத்தான்.

மறுநாள் மேலாளர் அம்மாவிடம் போனாள். "மேடம், 'பழுது பார்க்க ஆள் எப்ப வருவார்?'னுதான் தினம் கேட்பாங்க. அந்த ஒரு வார்த்தையைத்தான் எங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கு. எனக்கு ஆறு வேணும். ஆனா மத்தவங்க மார்க்கைத் தொடாதீங்க. நம்பிப் படிச்சது அவங்க தப்பா?"

மேலாளர் இரண்டு அகராதிகளைப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவரையும் அழைத்துக் கேட்டார். அவளுக்கு ஆறு கிடைத்தது. மற்றவர்களுக்குச் சரியான பாடம் நடத்தி அந்தக் கேள்வியை மட்டும் திரும்ப வைத்தார்கள். அக்கா ஆறுக்கு ஆறு. ஆனாலும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பாடக்குறிப்பில் நேர்ந்த அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்.'

அச்சுப் பிழையாம்! ஆறும் அவர் கையால் பலகையில் எழுதியது! தாளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த அறைக்குப் போனாள்.

"எந்த அச்சகம் சார்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சரிம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். போதுமா?"

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். அதோ, வெளியில எட்டுப் பேர் இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

அவர் எழுந்து வந்தார். மின்விசிறியைப் பார்த்தபடி, ஒரே மூச்சில், சொன்னார்.