பதினேழாம் குப்பி

1994 கத்திரி வெயிலில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தின் குளிர்பெட்டி உயிரை விட்டது. பழ ஈக்களுக்கு வெக்கை ஆகாது; ஆண் ஈ மலடாகிவிடும். குளிர்ச்சிக்காக ஈரமணலில் புதைத்த பானைக்குள் பதினாறு ஈக்குப்பிகள்தான் கொள்ளும். இருந்ததோ குப்பிக்கு ஒன்றாகப் பதினேழு வகை. பேராசிரியர் பாலசுப்பிரமணியனின் குடிதண்ணீர்ப் பானையைக் கேட்டுப் பார்த்து ஆய்வு மாணவி சித்ரலேகா ஏச்சு வாங்கியிருந்தாள்.

"பதினேழைக் கொட்டிரும்மா," என்றார் அவர். " எல்லா வகையிலயும் ஒரே ஜீனைத்தான் வச்சோம், குரோமோசோம்ல வேற வேற இடத்துல. அது வேலை செஞ்சா சாயத்துல நீலம் தெரியணும். ஒண்ணுக்குக் குடல்ல தெரியுது, ஒண்ணுக்கு மூளையில தெரியுது. இதுல ஒண்ணுமில்ல, செத்துப்போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு மாத உழைப்பு அது. "நாம எடுத்தது வெள்ளைக் கண்ணு ஈ. இதுக்குக் கண்ணு செவப்பா இருக்குல்லா சார்? ஜீனோட சேத்துக் கட்டுன அடையாளம். ஜீன் உள்ளதான் இருக்கு."

"இருந்து என்ன செய்ய?"

"சாயங்காலம் வரை விடுங்க சார். நான் காட்டுதேன்."

அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவளுடைய அப்பா ஆவுடைநாயகம் தச்சநல்லூர் வீட்டில் வாயே திறக்கமாட்டார். காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். கோயில் சன்னதியில் நின்றாலோ அவர் தேவாரம் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் மட்டும் பார்த்தவர்கள் ஊமை என்றே சத்தியம் செய்வார்கள். ஜீனும் அப்படித்தான். எல்லாச் செல்லிலும் இருக்கும். ஆனால் அதே குரோமோசோமில் இருக்கும் என்ஹான்ஸர் என்ற டிஎன்ஏ துண்டு அதைத் தூண்டவேண்டும். அந்தத் துண்டோ தனக்கேற்ற புரதங்கள் உள்ள செல்லில்தான் வேலை செய்யும். சார் அறுத்துப் பார்த்ததெல்லாம் ஈயாக மாறுமுன் இருக்கும் புழுக்களை மட்டும்தான். வளர்ந்த ஈயை யார் பார்த்தார்கள்?

அவள் பார்த்தாள். ஈக்களை அறுத்துச் சாயத்தில் ஊறவைத்து, நான்கு மணிக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூளை வெள்ளை. குடல் வெள்ளை. தசையும் வெள்ளை. மிச்சம் இருந்தது சினைப்பை. அதில் வளரும் முட்டையறை ஒன்றில், ஒட்டிக்கொண்டு நின்ற ஏழே ஏழு செல்கள், பளிச்சென்று நீலம். பக்கத்து முட்டையறையிலும் அதே இடத்தில் அதே கூட்டம்.

"சார், வந்து பாருங்க."

நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. "அடி சக்கை! இத்தனூண்டு இடத்துக்குன்னு ஒரு என்ஹான்ஸரா?"

பிறகு தம் பானையைத் தூக்கி, தண்ணீரை வாசல் வேம்பின் அடியில் கொட்டிவிட்டு வந்து, அவள் முன்னால் வைத்தார்.

"பதினேழை இதுல வை. நான் வெந்நி குடிச்சுக்கிடுதேன்."