வேம்படி மூலை

பஞ்சலிங்கம் தன் வட்டுக்கோட்டைக் காணியை விற்க நினைத்ததற்கு ஒரே காரணம், மானிப்பாயில் மகள் வினோஜாவின் வீடு கூரையில்லாமல் நின்றதுதான். சுவர்கள் எழும்பிவிட்டன, பிளேட் என்கிற கொங்கிறீற் கூரைதான் பாக்கி. மாரிக்கு முன் அதைப் போடாவிட்டால் மகளும் மருமகன் கீர்த்திகனும் இன்னொரு வருடம் இவர் வீட்டில்தான் இருப்பார்கள். கீர்த்திகன் தங்கமான பிள்ளை. ஆனால் விடியற்காலையில் புல்லாங்குழல் பழகுபவன், இன்னும் முதற்பாடத்தைத் தாண்டாதவன்.

காணித் தரகர் இளையதம்பி வந்து சுற்றிப் பார்த்தார்.

"அண்ணை, மண் நல்ல மண். ஆனால் முகம் சரியில்லை. கனடாக்காரர் முகத்தைத்தான் முதலிலை பாப்பினம்."

"ஆற்றை முகத்தை?"

"காணியின்ரை முகத்தை. உங்கடையை ஆர் கேட்டது?"

அன்றிலிருந்து பஞ்சலிங்கம் காணிக்கு முகம் வைக்கத் தொடங்கினார். தகர வேலியைப் பிடுங்கினார். கிணற்றை இறைத்தார். லொறி வந்து திரும்பட்டும் என்று தன் நிலத்தின் முன்பக்கத்தில் ஒரு துண்டை ஒழுங்கைப் பாதைக்கே விட்டுக்கொடுத்தார். பிளேட்டுக்கு வாங்கி அடுக்கியிருந்த சீமெந்து மதிலாகிவிட்டது.

"மகளுக்குக் கூரை இல்லை, மரவள்ளி நிக்கிற காணிக்கு மதில்" என்றாள் மனைவி பத்மாவதி.

"மதில் காணியை விக்கும், காணி பிளேட்டைப் போடும். கொஞ்சம் பொறுமப்பா."

ஒரு குறைதான். மூலையில் வேம்பு நின்றதால் அந்த இடத்தில் மதிலுக்கு இடைவெளி விட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ஊர் குப்பை போட்டது. 'குப்பை போடாதீர்கள்' என்று பலகை நட்டார். மறுநாள் பலகையிலேயே ஒரு பை தொங்கியது. ஆத்திரம் தாங்காமல் பழைய இரும்புக் கம்பியை வளைத்து, சூலம் ஒன்று செய்து, வேம்படியில் குத்தி, சந்தனமும் பூசிவிட்டு வந்தார்.

குப்பை நின்றது. விளக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, சூலம் வைரவராகி, அதற்கு வடைமாலை விழுந்தது. அடுத்த வெள்ளி பொங்கல் நடந்தது. வடை வாசத்துக்கு ஊர் நாய்களும் வந்து படுத்தன. வைரவரின் வாகனமே வந்துவிட்டது என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொட்டகைக்குத் தகரம் அனுப்பினார்கள். மகளுக்கு முன்னரே வைரவருக்குக் கூரை கிடைத்ததைப் பத்மாவதி சொல்லிக்காட்டாத நாளில்லை.

இளையதம்பி கொட்டகையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, கோயில் இருக்கிற காணியை ஆர் வாங்குவான்? வருசா வருசம் பொங்கலும் அவன்ரை தலையிலை. கோயிலுக்கு முன்னாலை எண்டால் கதை வேறை. கனகலிங்கத்தாற்றை பத்தைக் காணிக்கு இப்ப மூண்டு பேர் வாங்க நிக்கினம்."

எதிர்க்காணிக்காரர் கனகலிங்கம் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கியவரல்ல. பஞ்சலிங்கத்துக்கு நெஞ்செரிந்தது.

சூலத்தைப் பிடுங்கினால் ஊர் இவரைப் பிடுங்கிவிடும். வைரவர் தானாகவே போகவேண்டும். யோசித்தவர் நேரே கடைக்குப் போய் ஒரு பை வடையோடு திரும்பி, கனகலிங்கத்தின் பத்தைக்குள் எறிந்தார். நாய்கள் எழும்பி அங்கே போயின.

"வைரவர் இடம் மாறிப் போட்டார் போலை" என்று சனத்துக்குக் கேட்கச் சொன்னார்.

வைரவர் தன் காணிக்கு வரக் கனகலிங்கம் விடவில்லை. பின்னேரமே அவரும் வடையோடு வந்து இந்தப் பக்கம் எறிந்தார்.

"என்ன கனகு, உமக்கும் பக்தி முத்திப்போச்சோ?"

"உங்களைப் பாத்துத்தான் அண்ணை வந்தது!"

காலையில் அங்கும் மாலையில் இங்குமாக வடை பறந்தது. கொழுத்த நாய்களுக்குக் கடைசியில் நடக்கப் பஞ்சியும் சோம்பலுமாகிவிட்டது. இரண்டு பக்கமும் வடை விழுவதைக் கண்டு, லொறி திரும்ப விட்ட துண்டின் நடுவில் படுத்துக்கொண்டன. எவ்வளவு எறிந்தும் எழும்பவில்லை.

"வைரவர் இடம் காட்டிட்டார்!" என்று சனம் ஆரவாரித்தது. சூலமும் கொட்டகையும் மேளத்தோடு அந்தத் துண்டுக்குப் போயின.

"அப்ப லொறி எங்கை திரும்புறது?" என்றார் இளையதம்பி.

"திரும்பாமல் பின்பக்கமாவே ஓடிப் போகட்டும்" என்றார்கள் பஞ்சலிங்கமும் கனகலிங்கமும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

அன்றே பஞ்சலிங்கம் வேம்படி இடைவெளியைப் பழைய வேலித் தகரத்தால் அடைத்தார். 'கோயிலடிக் காணி' என்று இளையதம்பி கூவ, ரொறன்ரோக்காரர் ஒருவர் வீடியோவில் சூலத்தைக் கும்பிட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் வாங்கினார். மாரிக்கு முன்னரே மானிப்பாயில் பிளேட் போடும் நாளும் வந்தது.

கொங்கிறீற் போட்டுவிட்டு மேசன்மார் தேத்தண்ணி குடிக்க இறங்கிய நேரம், பஞ்சலிங்கம் மேலே ஏறிப் பார்த்தார். ஈரப் பிளேட்டில் வரிசையாக நாய்க்கால் தடங்கள். நடுவில் ஒரு கொழுத்த செவலை நாய், வால் ஆட்டிக்கொண்டு நின்றது. வடை வாசம் பிடித்த இவருடைய சைக்கிள் பையின் பின்னால் வட்டுக்கோட்டையிலிருந்து வந்திருக்கிறது.

"அடிக், அடிக்!" என்று விரட்டினார். அது உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து வளவிலிருந்து சின்னாச்சி அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, உங்கை மேலை என்ன, நாயோ நிக்குது? புது வீட்டிலை வைரவரின்ரை வாகனம்..."

"நாயோ? எங்கையணை?" என்று அதை மறைத்து நின்றபடி, பஞ்சலிங்கம் கீழே நின்ற மருமகனிடம் குனிந்து பதறினார். "தம்பி கீர்த்திகன்! உந்தக் குழலை ஒருக்கால் எடுத்து ஊதும்!"

மாமா கேட்டு வாசிப்பது இதுவே முதல் தடவை. கீர்த்திகன் கண் கலங்கி, முழு மூச்சையும் இழுத்து ஊதினான். நாய் ஒரு கணம் காதை நிமிர்த்திக் கேட்டது. அடுத்த கணம் படி வழியே பாய்ந்து, கேற்றைத் தாண்டி, வட்டுக்கோட்டைப் பக்கம் ஓடியது.

பஞ்சலிங்கம் மட்டப்பலகையை எடுத்துக் கடைசித் தடத்தையும் தேய்த்து முடிக்கும்வரை, வாசிப்பை நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார்.