ஆறாயிரம் பேரிடம் ஒரு ஜெப விண்ணப்பம்

காபி கைக்கு வந்ததும் குடிக்கிற வழக்கம் ஜெப்சனுக்குக் கிடையாது. டம்ளரைச் சுவர்மேல் வைத்து, பின்னால் பனிமூட்டமும் காபித் தோட்டமும் விழுகிற மாதிரி நாலு படம் எடுத்து, முகநூலில் போட்ட பிறகுதான் குடிப்பார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஏற்காடு மலையில், நாகலூரில் வீட்டை ஒட்டி அவர் கட்டியிருந்த இரண்டு அறை ஹோம்ஸ்டேக்கு அந்த முகநூல் பக்கம்தான் விளம்பரம். ஆறாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். எந்தப் படம் போட்டாலும் ஓரத்தில் அவருடைய கைபேசி எண் தானாக விழும்படி செய்து வைத்திருந்தார். பனியைப் பார்க்க வருகிறவர்கள் அவர் மனைவி அமலியின் நாட்டுக்கோழி வறுவலைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

போன ஜனவரியில் அமலியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"ஏனுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு உட்ராதீங்க. எங்கம்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்."

"நான் யாருகிட்டப் புள்ள சொல்லப்போறேன்?"

அப்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளை உள்ளே அழைத்துப் போனதும், வராந்தாவில் தனியாக உட்கார்ந்தார். பாவம், பயந்துபோனார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபக் குறிப்பு வாசிப்பார்களே, அதுபோல நாமும் கேட்டால் என்ன என்று தோன்றியது. சற்று முன் எடுத்த படம் இருந்தது. ஆஸ்பத்திரி அங்கியில் கட்டில்மேல் அமலி, பக்கத்தில் பெயரும் வயதும் எழுதிய சீட்டு. 'என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று சந்தேகம். ஜெபியுங்கள்' என்று எழுதி, பனிப்படம் போடும் அதே பக்கத்தில் போட்டார். சர்ச்சில் இருப்பது அறுபது பேர், அதுவும் தெரிந்த முகங்கள் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. அரை மணி நேரத்தில் நானூறு கூப்பிய கைகள் வந்தன. அவருக்குத் தெம்பாக இருந்தது.

மலையேறி வந்ததும் ஏற்காடு கடைவீதியில் மளிகை வாங்க இறங்கினார்கள். கடைக்காரர் பாலசுப்பிரமணியம் அமலியைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டார்.

"அக்கா, கட்டி எந்தப் பக்கமுங்க? பேஸ்புக்ல பாத்தேனுங்க. நொம்ப சங்கடமாப் போச்சு."

அவர் கண் அவள் முகத்திலிருந்து கீழே இறங்கி, சட்டென்று பருப்பு மூட்டைக்குத் தாவியது. அமலி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். கைபேசியில் அவருடைய பக்கத்தைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான் புள்ள போட்டேன். நாலு பேரு ஜெபிச்சா நல்லதுதான?" என்றார் ஜெப்சன்.

"ஜெபம் நீங்க கேட்டீங்க. படம் என்னோடதுங்க."

அன்றைக்கே படத்தை அழித்தார். பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி. மனுஷனுக்குப் பட்டும் புத்தி வரவில்லை, 'என் மனைவி அமலிக்குப் புற்று இல்லை, கர்த்தருக்கு நன்றி' என்று அதையும் போட்டார். பதினேழு பேர்தான் கண்டுகொண்டார்கள். ஒருவர், 'ரூம் புக்கிங்குக்குப் போட்ட டிராமாவா?' என்று கேட்டிருந்தார். தங்க வந்தவர்கள் சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தொட்டால் ஒட்டுகிற நோய் என்று யார் சொன்னார்களோ! சர்ச்சில் பெண்கள் முகத்தைப் பார்க்குமுன் முந்தானையைப் பார்த்தார்கள். அமலி அங்கே போவதையே நிறுத்திவிட்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் காலை. ஜெப்சன் கார் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"அமலி அக்கா ஊடுங்களா? தர்மபுரிப் பக்கமிருந்து பேசறேனுங்க. படத்துல இந்த நம்பர் இருந்துச்சு. அக்கா சாப்பிட்ட சூரணத்தத்தான் ரெண்டு மாசமா எங்கம்மாவுக்குக் குடுக்கறோமுங்க. ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் நிறுத்திட்டோம். ஆளு நொம்ப எளச்சுப்போச்சு. அக்காவுக்கு எத்தன நாள்ல கொணமாச்சுங்க?"

"என்ன சூரணமுங்க?" என்றார் ஜெப்சன்.

அந்தப் பெண் படத்தை அனுப்பினாள். அதே கட்டில், அதே அங்கி, ஓரத்தில் அவருடைய எண். 'நாகலூர் அமலி, முற்றிய புற்றுநோய், இருபதே நாளில் குணம்.' கீழே, அத்தாட்சியாக, அவர் சந்தோஷமாக எழுதிய 'புற்று இல்லை.' எவனோ சூரணம் விற்கிறான்.

"நான் அப்பவே அழிச்சுட்டனே புள்ள…"

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்த அமலி படத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கவில்லை. "லைன்லதான் இருக்காங்க. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"தங்கச்சி… அது பொய்யிங்க. என் சம்சாரத்துக்கு அந்த நோவே கெடையாது. அம்மாவ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "நோவே இல்லீன்னா அந்தப் படத்த எதுக்குங்க போட்டீங்க?"

கேட்ட கையோடு தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

"ஊட்டுக்குள்ள இருக்க வேண்டியத ஒருக்கா வெளிய உட்டா, அப்பறம் அது நம்மளுது இல்லீங்க," என்றாள் அமலி. "உங்ககிட்ட இருக்கறத நீங்க அழிக்கலாம். கண்டவன் எடுத்து வெச்சிருக்கறத யாரு அழிப்பாங்க? அடுத்தவங்க ஒடம்பையும் நோவையும் அவங்க சம்மதமில்லாம ஊருக்குக் காட்டக் கூடாது. கட்டுன புருஷனுக்குங்கூட அந்த உரிமை இல்லீங்க."

கைபேசி மறுபடி அடித்தது. தெரியாத எண். ஜெப்சன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எடுங்க," என்றாள் அமலி. "இன்னும் எத்தன பேருக்குச் சொல்லணுமோ."