அம்பாசமுத்திரத்தில் ஒரு பியானோ

கொரியாவில் மோக்போ துறைமுகத்தில் பிறந்த மின்ஜுவை புகுந்த ஊரான மணிமுத்தாற்றில் எல்லோருக்கும் மஞ்சு என்றுதான் தெரியும். மாஞ்சோலையில் முப்பது வருஷம் தேயிலை பறித்த மாமியார் மாரிக்கண்ணுவுக்கு மருமகளின் பெயர் நாக்கில் நிற்கவில்லை. வாயில் வந்தபடி கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது.

ஐந்து வயதில் தேவாலயத்துப் பியானோவில் ஏறி உட்கார்ந்தவள் மின்ஜு. பதினாறில் வியன்னாவுக்குப் படிக்கப் போனாள். இருபத்திரண்டில் பெரிய போட்டி ஒன்றில் பரிசு, பிறகு நாடு நாடாகக் கச்சேரி. ஒலிப்பதிவு வேலையில் இருந்த மாரிக்கண்ணுவின் மகன் பெருமாள்ராஜை வியன்னாவில்தான் கட்டிக்கொண்டாள். எத்தனை கைதட்டல் வாங்கியும் ஒரு பயம் மட்டும் விடவில்லை. மேடையேறுமுன் விரல்கள் ஜில்லிட்டுப் போகும். இருபது வருஷமாக வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொண்டுதான் திரைக்குப் பின்னால் நிற்பாள்.

"ஏலே, ஊரு உலகத்துக்கெல்லாம் வாசிக்கா. எனக்கு ஒருநா வாசிச்சுக் காட்டுனாளா?" என்று மாரிக்கண்ணு மகனிடம் கேட்டுவிட்டாள்.

அந்த ஒரு கேள்விக்காக இந்தத் தை மாதம் சென்னையிலிருந்து லாரியில் பியானோ வந்தது. பக்கத்து அம்பாசமுத்திரத்தில் கல்யாண மண்டபம் பிடித்தார்கள்.

இறக்கிப் பார்த்தால், வலது பெடலை மேலே இணைக்கும் கம்பி முறிந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் துண்டு துண்டாக நிற்கும். கச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம். பெருமாள்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மின்ஜு முறிந்த கம்பியை எடுத்துக்கொண்டு எதிர்த் தெருவிலிருந்த ஹாஜாவின் லேத் பட்டறைக்கு நடந்தாள்.

ஹாஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மிஷினுக்கும்மா?"

"பாட்டு மிஷினு அண்ணாச்சி."

மாமியாரிடம் கற்ற தமிழ். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதறாதீய. பைய செஞ்சிருவோம்."

கம்பி வெட்டி, மரை போட்டு, அவரே மண்டபத்துக்கு வந்தார். இருவரும் பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். கம்பி ஒரு நூல் அளவு நீளம் கூடிவிட்டது. அரத்தால் ராவினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஒருவழியாகப் பெடல் இறங்கி ஏறியபோது மின்ஜுவின் பட்டுச் சட்டையெல்லாம் கிரீஸ். வெளியே தவழ்ந்து வந்தால் மண்டபம் நிறைந்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

பாதி வாசித்த பிறகுதான் உறைத்தது: பயப்படவே மறந்துவிட்டோம்!

முதல் பகுதி முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். வியன்னாவில் நடுவில் ஒரு இருமலுக்குக்கூடத் திரும்பி முறைப்பார்கள். மின்ஜு வாய்விட்டுச் சிரித்துவிட்டு அடுத்த பகுதியைத் துள்ளலோடு தொடங்கினாள்.

முடித்து எழுந்தபோது முன்வரிசையில் மாரிக்கண்ணு எழுந்து நின்றாள். "என்னட்டி மஞ்சு, அதுக்குள்ள முடிச்சிட்ட? நடுவுல மழ பேஞ்சாப்ல ஒண்ணு வந்துச்சே, அத இன்னொரு மட்டம் வாசி!"

"ஆமா, வாசிங்க!" என்று பின்னாலிருந்தும் குரல்கள்.

மின்ஜு கீழே இறங்கி, மாமியாரைக் கைப்பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்த மழையை மூன்று தடவை பெய்யவைத்தாள்.

கூட்டம் கலையும்போது ஹாஜா வந்தார். "வீரவநல்லூர்ல எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு இன்னைக்கு வர முடியல. அந்த ஊர்லயும் ஒரு மண்டபம் இருக்கு. அங்கன எப்ப வாரீய?"

விடிந்ததும் சென்னை திரும்பவேண்டிய லாரியைப் பெருமாள்ராஜ் கவலையோடு பார்த்தான்.

"நாளைக்கு," என்றாள் மின்ஜு.